மூணுதட்டு அக்காவின் வாக்குமூலம்

எங்கள் ஓட்டலில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் மூணுதட்டு அக்கா. இடது கையில் முழங்கை வரைக்கும் மூன்று தட்டு, வலது கையில் சூப் கிண்ணம், இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு போவாள். பத்தொன்பது வருஷமாக சப்ளையர் வேலை. ஒரு தட்டைக்கூடக் கீழே போட்டதில்லை.

நான் அங்கே சமையல் மாஸ்டர். எனக்கு அவள்மேல் பாசமும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. இரண்டையும் மறைக்கப் போவதில்லை. அடுப்பு முன்னால் நின்று வெந்து, மீனைப் பதமாக வறுத்து எடுப்பவன் நான். அதை எட்டடி தூரம் தூக்கிக்கொண்டு போய் வைத்து, சிரித்து, டிப்ஸ் வாங்குகிறவள் அவள். அந்தக் காசு ஒரு நாளும் சமையலறைக் கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

"என் மீனுக்கு ஒரு பங்கு குடுக்கா" என்று கேட்டால், "உன் மூஞ்சியப் பாத்தா குடுத்த காசையும் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவாங்க மாஸ்டர்" என்பாள். உண்மைதான். எனக்குச் சிரிக்க வராது.

போன வருஷக் கடைசியில் அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கியது. மூன்று தட்டு இரண்டானது, பிறகு ஒன்றானது. மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டைச் சாப்பிட வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஆறு வாரம் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விரல் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு லீவு போட்டால் சம்பளம் கிடையாது. போடாவிட்டாலும் அவள் சம்பளம் வீட்டு வாடகையோடு சரி. சாப்பாடும் மகளின் காலேஜ் பீசும் டிப்ஸில்தான் நடந்தன. கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். வண்டி ஓடும் மாதம் பணம் வரும், ஓடாத மாதம் அவர் மட்டும் வருவார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சப்ளையர்களின் சம்பளத்தைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் ஒரு குழு போட்டது. சம்பளத்தை உயர்த்த வேண்டும், உடம்பு முடியாத நாளுக்கும் கொடுக்க வேண்டும் என்றது எங்கள் சங்கம். டிப்ஸ்தான் கொட்டுகிறதே, இதற்குமேல் என்ன வேண்டும் என்றார்கள் முதலாளிகள். ஓட்டலுக்கு ஒரு ஆள் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் அக்காவைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று நாள், மதியக் கூட்டம் அடங்கியதும், மாவு மூட்டைமேல் உட்கார்ந்து என்னிடம் ஒப்பித்தாள். வீங்கிய கையை எந்த இடத்தில் காட்டுவது என்பது வரைக்கும் பேசி வைத்திருந்தோம்.

விசாரணை நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எலுமிச்சை சார்.

பதினோரு வருஷமாக வாரத்தில் நாலு மதியம் எங்கள் நாலாம் நம்பர் மேஜையில் சாப்பிடுகிறவர். வெந்நீரில் இரண்டு துண்டு எலுமிச்சை, உப்புக் குறைத்த சூப், ஒரு மீன். அக்கா விதை எடுத்த துண்டாகப் பார்த்து வைப்பாள். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரியும், என்ன பதவி என்று யாரும் கேட்டதில்லை. தாராளமாக டிப்ஸ் வைப்பார். நல்ல மனுஷர் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கும் ஆச்சரியம். முகம் மலர்ந்து, "அட, நீங்களாம்மா. பதட்டப்படாம சொல்லுங்க. வேலையில ஏதாவது குறை இருக்கா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

அக்கா எழுந்தாள். முகத்தில், மேஜைக்கு மேஜை சிரிக்கும் அந்தச் சிரிப்பு வந்தது. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. வலது கை, துணியே இல்லாமல், எதிரே இருந்த நாற்காலியின் முதுகைத் துடைத்தது.

"ஒரு குறையும் இல்லைங்க சார். உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லாருக்கு."

சங்கச் செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஓரத்தில் ஒரு பெண் அதை அப்படியே தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது. எலுமிச்சை சார் திருப்தியாகத் தலையாட்டினார். "ரொம்ப சந்தோஷம்மா. அடுத்தவரக் கூப்பிடுங்க" என்றார்.

அக்கா உட்காரவில்லை. பேயறைந்த மாதிரி நின்றாள். காவலாளி வந்து வழி காட்டிய பிறகுதான் நகர்ந்தாள்.

படிக்கட்டில் நான் கத்தினேன். ஆள் வருவதையும் போவதையும் பார்க்காமல் கத்தினேன். "இதுக்கா மூணு நாளு ஒப்பிச்ச? ஒரே ஒரு தடவ நெஜத்தச் சொல்லச் சொன்னா, வாய வாடகைக்கு விட்டுட்டு வந்திருக்கியே அக்கா."

"நான் சொல்லல மாஸ்டர்." அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "சத்தியமா நான் சொல்லல. அவரு கேட்டதும் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிடுச்சு. தெனம் சொல்றதுதானே."

செயலாளர் உள்ளே ஓடி விசாரித்துவிட்டு வந்தார். சொன்னதைத் திருத்த வேண்டுமானால் மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணத்தோடு.

"என்னன்னு காரணம் எழுதுவேன்? பொய் சொன்னேன்னா? பொய் சொன்னவ பேச்ச அப்புறம் எவன் நம்புவான்?" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கை, எங்கள் எல்லோருடைய லீவு, எல்லாம் அந்த ஒரு வரியில் போச்சு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு எலுமிச்சை சார் வந்தார். எதுவும் நடக்காத மாதிரி நாலாம் நம்பர் மேஜையில் உட்கார்ந்தார். தட்டுகளை எடுத்து வைக்கும் ஜன்னல் வழியாக எனக்கு நேராகத் தெரியும், பேசுவதும் கேட்கும். அக்கா வெந்நீர் வைத்தாள், சூப் வைத்தாள், மீன் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"என்னம்மா, எல்லாம் சவுக்கியந்தானே?"

அக்காவுக்கு அந்தச் சிரிப்பு வரப் பார்த்தது. நான் பார்த்தேன். உதட்டோரம் துடித்தது. அக்கா கையை வாயில் வைத்து அதை அழுத்தினாள்.

"இல்லைங்க சார்" என்றாள். சட்டைக் கையைச் சுருட்டிக் கட்டைக் காட்டினாள். "ஆறு வாரம் ஓய்வு எடுக்கச் சொல்லிருக்காங்க. எடுத்தா சம்பளமும் இல்ல, டிப்ஸும் இல்ல. எடுக்கலன்னா கை இல்ல. நேத்து உங்க முன்னாடி சொன்னது நெஜமில்லைங்க சார். நீங்க கேட்டா அப்படித்தான் சொல்லிப் பழக்கம்."

அவர் வெந்நீர்க் குவளையைப் பிடித்தபடியே இருந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினோரு வருஷமாக அவர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் வந்திருக்கிறது, பாவம், அவரும் ஆடித்தான் போனார்.

"சாப்பிடுற எடத்துல இதெல்லாம் எதுக்கும்மா" என்றார் மெதுவாக. பணத்தை வைத்தார், எழுந்தார், போனார்.

அக்கா பில் தட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள். பில்லுக்குச் சரியான பணம். அதற்குமேல் ஒரு காசு இல்லை. நான் பில்லைத் தூக்கி அடியில் பார்த்தேன், தட்டைத் தூக்கிப் பார்த்தேன். மறந்து போனாரா, வேண்டுமென்றே செய்தாரா, இன்றுவரை தெரியாது. ஆனால் பதினோரு வருஷத்தில் அவர் மறந்ததே இல்லை.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "காரணம் கெடச்சிடுச்சு மாஸ்டர்" என்றாள். ஆர்டர் எழுதும் சீட்டில் ஒன்றைக் கிழித்து, ஜன்னல் கட்டையிலேயே வைத்து எழுதினாள். எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள்.

"குறை இல்லை என்று சொன்ன நாளெல்லாம் எனக்கு டிப்ஸ் கிடைத்தது. இன்று குறை இருக்கிறது என்று சொன்னேன், கிடைக்கவில்லை. நேற்று நான் பொய் சொன்னதற்குக் காரணம் இதுதான். திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்." கீழே அவள் பெயர், முழுப் பெயர்.

ஏப்ரனைக் கழற்றி என் கையில் திணித்தாள். "மேஜையெல்லாம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மணி இரண்டே கால்.

பாத்துக்க என்றால் என்ன செய்வது? முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு நானே தட்டைத் தூக்கினேன். இரண்டு தட்டுக்கே என் முழங்கை ஆடியது. ஆறாம் மேஜைக்கு மீன் ஓரம் கருகித்தான் போனது. அந்த மேஜையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தவர் சாப்பிட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, நீங்களே பரிமாற வந்துட்டீங்க. ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு, எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவர் கை பர்ஸின் மேல் இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க சார், எல்லாம் நல்லாருக்கு" என்றேன். சிரித்தேன். எனக்குச் சிரிக்க வராது என்று முன்னாலேயே சொன்னேன். வந்தது.

நாலு மணிக்கு அக்கா திரும்பினாள். கையில் முத்திரை குத்திய நகல். குழுவின் முடிவு வர ஒரு மாதம் ஆகுமாம், ஆனால் திருத்தத்தை வாங்கிக்கொண்டார்கள். நான் நடந்ததைச் சொல்லி, ஆறாம் மேஜைக்காரர் வைத்துவிட்டுப் போன டிப்ஸை அவளிடம் நீட்டினேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் டிப்ஸ். படிக்கட்டில் அவளைப் பார்த்து நான் கத்தியது நினைவுக்கு வந்து, முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

அவள் வாங்கவில்லை. என் விரல்களை அவளே மடக்கி விட்டாள், அந்த வீங்கிய கையால்.

"நீதானே சிரிச்ச மாஸ்டர். வச்சுக்க."