செவ்வாய்க்கிழமை மலை ஏறாத ஜீப்புகள்

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைதான் மாத்திரை. அந்த மூன்று மணி நேரமும் என் அம்மா கேரள எல்லையான கம்பம்மெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பாள்.

அம்மா மட்டுமில்லை. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் நான்கு ஜீப்புகள் விடிந்தும் விடியாமலும் மலை ஏறும். ஒவ்வொன்றிலும் பதினான்கு பெண்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி என்று முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இறங்கி வரும்போது மாத்திரை கொடுக்கும் ஜன்னல் சாத்தியிருக்கும். பிரசவம் பார்க்க ஒரு நர்சம்மா மட்டும் இருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டால் என்ன என்று கேட்கலாம். ஒருநாள் போகாவிட்டால், ஆள் சேர்க்கிற கங்காணி ஜீப்பில் அந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார். மறுபடி இடம் கிடைப்பது அவர் மனசைப் பொறுத்தது.

அதனால் அம்மாவுக்குப் பதிலாக அவளுடைய ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு நான் போவேன். அப்போது ஆறாம் வகுப்பு. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் பீரியட் எனக்கு இல்லை என்பதை டீச்சரும் ஏற்றுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வரிசையில் என்னைப் போல அம்மா நோட்டோடு நிற்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேராவது இருப்போம். நோயாளிகள் எல்லாம் ஆரோக்கியமாக மலையில் வேலை செய்ய, ஆரோக்கியமான நாங்கள் நோயாளிகளாக வரிசையில் நிற்போம்.

புதிதாக வந்த மருந்துக்காரர் இதை நிறுத்தினார். ஆள் நேரில் வர வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மாத்திரை என்றார். நான் விடவில்லை. எங்கம்மாவுக்குப் பிரஷர் என்று நோட்டிலேயே எழுதியிருக்கிறதே என்றேன்.

"பிரஷர் நோட்டுக்கா பாப்பா? ஆளுக்குத்தானே?" என்றார் அவர்.

உலகத்திலேயே கெட்ட மனிதர் அவர்தான் என்று முடிவு செய்தேன். இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. பார்க்காமல் மாத்திரை கொடுப்பது வைத்தியமில்லை. ஆனால் பார்ப்பதற்கு அவர்கள் வைத்திருந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் வேறு மாநிலத்தில் இருந்தார்கள்.

இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினேன். அம்மா கோபப்படவில்லை. "சரி விடு" என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த மாத்திரைகளைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். அதுவும் தீர்ந்த பிறகு ஆவணி மழையில் ஒரு நாள் தோட்டத்துச் சரிவில் மயங்கி விழுந்தாள்.

அவளோடு ஒரே ஜீப்பில் போகும் என் அத்தைதான், மற்றப் பெண்களும் சேர்ந்து, மழைக்குப் போர்த்தும் படுதாவில் அவளைக் கிடத்தி, ஜீப் நிற்கும் இடம்வரை சுமந்து வந்தது. தேனி பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து, பத்து நாள் மாத்திரை கொடுத்து, அதற்கு மேல் உங்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் சாயங்காலமானால் ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் என் அப்பா, வம்பு வேண்டாம் என்பதை மூன்று வேளையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாத்திரை ஒரு திங்கட்கிழமை தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரி எனக்குத்தான் பழக்கமான இடம் என்பதால் நான் முன்னால் நடந்தேன்.

கேட்டுக்கு முன்னால் நான்கு ஜீப்புகள் நின்றன.

எங்கள் ஜீப் டிரைவர் அத்தையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "கங்காணிக்கு நான் என்னத்தா பதில் சொல்றது?"

"வண்டி ரிப்பேர்னு சொல்லுப்பா."

"நாலு வண்டியுமா?"

"நாலும் ஒரே ரோட்லதான ஓடுது" என்றாள் அத்தை.

பெண்கள் இறங்கி உள்ளே வந்து, மாத்திரை ஜன்னலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். காய்ச்சல், தடுப்பூசி என்று அவர்கள் வரும் மற்ற நாட்களில் அந்த ஆஸ்பத்திரியில் நான் பார்த்துப் பழகிய காட்சி வேறு. ஒரு தெருக்காரர்கள் பெஞ்சில் இருந்தால் இன்னொரு தெருக்காரர்கள் நடைபாதையில் நிற்பார்கள். பள்ளிவாசல் தெருப் பெண்கள் சுவரோரமாகத் தனியாக இருப்பார்கள். அம்மாவின் ஜீப்பில் வரும் காலனி அக்காவை யாரும் தள்ளி நில் என்று சொன்னதில்லை. ஆனாலும் அவர் வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்பார், பெயர் கூப்பிட்டால் வரலாமென்று. பெயர் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவர்கள் எல்லோரும் ஜீப்பில் உட்காரும் வரிசையிலேயே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். காலனி அக்கா ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தார். அவருக்குப் பக்கத்தில், காலில் ஆறாத புண்ணோடு மலை ஏறிக்கொண்டிருந்த பள்ளிவாசல் தெரு மாமி. அவருக்கு அடுத்து, ராயப்பன்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்த, கழுத்தில் ஜெபமாலை போட்ட பெரியம்மா. அம்மா அத்தைக்கும் அந்தப் பெரியம்மாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், படிப்பு முடித்து முதல் வேலையே எங்கள் ஊரில்தான். கூட்டத்தைப் பார்த்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இத்தனை பேரும் ஒரே நாள்ல வந்தா நான் எப்படிம்மா பார்க்கிறது?"

அத்தை எழுந்தாள். "இத்தனை பேரும் இத்தனை நாளா வரலையே. எப்படி இருக்காகன்னு யாராச்சும் கேட்டாகளா?"

டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார். என்ன வேண்டும் என்று கேட்டார். பள்ளிவாசல் தெரு மாமி உட்கார்ந்தபடியே சொன்னார். "சாயங்காலம். வாரத்துல ஒரே ஒரு நாள். நாங்க மலையெறங்கி வந்தப்பறம்."

"நேரத்தை மாத்துறது என் கையில இல்லம்மா. மேல இருந்து ஆர்டர் வரணும்."

"ஆர்டர் வர்ற வரைக்கும் கொதிக்காம இருன்னு ரத்தத்துக்கு யாரு சொல்றது?" என்றாள் அத்தை.

டாக்டரம்மா உள்ளே போய் யார் யாருக்கோ போன் செய்தார். அவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. பத்து மணி ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. வெயில் நடைபாதைக்குள் வந்து பெண்கள் மேல் விழுந்தது. ஒருத்தரும் நகரவில்லை. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் போட வேண்டிய மாத்திரை போடாததால் அவளுக்குப் பின்கழுத்து வலிக்கிறது என்று, அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அப்போது மருந்துக்காரர் ஜன்னலைத் திறந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்.

"நீங்க அன்னைக்கு விழுந்தவங்கதானே? உங்களுக்கு மட்டும் இப்பத் தர்றேன். வாங்கிட்டுக் கிளம்புங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரை நல்லவர் என்று அந்த நிமிஷமே மாற்றிக்கொண்டேன். அம்மா எழுந்து ஜன்னலிடம் போனாள். அவர் மாத்திரை அட்டைகளை வெளியே நீட்டினார். அம்மாவின் கையும் நீண்டது. ஏலக்காய்ச் சாறு கறுப்பாய்ப் படிந்து, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத விரல்கள். அவை அட்டையைத் தொடும் தூரத்துக்குப் போய், மடங்கிக்கொண்டன.

"மத்தவுகளுக்கு எப்பத் தருவீகன்னு சொல்லுங்க. அப்பறம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

என் அம்மா அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. கங்காணியிடமும் சரி, அப்பாவிடமும் சரி, "சரி விடு"தான். அவள் குரல் அப்போதும் உயரவில்லை. மருந்துக்காரர்தான் இரண்டாம் முறை கேட்டார். இரண்டாம் முறையும் அதே பதில்.

டாக்டரம்மா பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவள் கையில் பட்டையைச் சுற்றினார். காற்றை இறக்கும்போது அவர் முகம் மாறியது. இன்னொரு தடவை பார்த்தார்.

"உள்ளே வந்து படுங்கம்மா. உடனே மாத்திரை போடணும். இது விளையாட்டு இல்லை."

"நாங்களும் விளையாட வரலைம்மா" என்றாள் அம்மா.

நான் அழ ஆரம்பித்தேன். மாத்திரையை வாங்கும்மா என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ செத்துப்போயிடுவ என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அதைக் கேட்டு அத்தையே தளர்ந்துவிட்டாள். "ஏத்தா, நீ வாங்கி முழுங்கு. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றாள்.

"மதினி, நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா. அத்தையை அவள் அடக்கியது அதுதான் முதல் தடவை. என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. என் கையை மட்டும் முந்தானையிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்தாள்.

டாக்டரம்மா அம்மாவின் கையிலிருந்து பட்டையை அவிழ்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்து, தாளைச் சுவரில் ஒட்டினார். பிரஷர், சர்க்கரை, செவ்வாய் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை.

"ஆர்டர் வர்ற வரைக்கும் நானே இருந்து பார்க்கிறேன். வரலைன்னா நீங்க எல்லாரும் என்னோட தேனிக்கு வந்து பேசணும்."

"அதுக்கென்ன, நாலு ஜீப் இருக்கு டாக்டரம்மா" என்றாள் அத்தை.

அம்மா அந்தத் தாளை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். பிறகுதான் கையை நீட்டி மாத்திரையை வாங்கி, பெரியம்மா கொடுத்த தண்ணீரில் விழுங்கினாள். அவளை உள்ளே படுக்க வைத்தார்கள். மருந்துக்காரர் சாப்பிடக்கூடப் போகாமல், டாக்டரம்மாவோடு சேர்ந்து சாயங்காலம்வரை மற்றவர்களுக்குப் பார்த்தார். முதலில் கூப்பிட்ட பெயர் காலனி அக்காவுடையது. தங்களுக்குக் கொதிப்பு இருப்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. மறுநாள் கங்காணி சத்தம் போட்டார். ஆனால் ஐம்பத்தாறு பேருக்கு மாற்று ஆள் அவரிடம் இல்லை. நான்கு ஜீப்புகளும் வழக்கம்போல மலை ஏறின. ஆர்டர் சில மாதம் கழித்து வந்ததாகச் சொன்னார்கள். அதற்குள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜீப்புகள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது ஊருக்குப் பழகிவிட்டது.

ஆனால் நான் அன்றிலிருந்து ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அவள் தட்டில் சோறு போட்டால் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். தலை பின்ன வந்தால் அத்தை வீட்டுக்கு ஓடினேன். எங்கள் அம்மாவுக்கு மாத்திரை கிடைத்தது, அவள் வேண்டாம் என்றாள். பெற்ற பிள்ளை அழுதேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோரும் அவளைப் பாராட்டப் பாராட்ட எனக்குக் கோபம் கூடியது. அந்த ஜன்னல் முன்னால் நான் பார்த்தது என் அம்மாவையும், அத்தையைத் தவிர எங்களுக்கு உறவே இல்லாத ஒரு கூட்டத்தையும். அவள் அந்தக் கூட்டத்தின் பக்கம் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளோ ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. வெந்நீர் வைத்தாள், மாத்திரை போட்டுக்கொண்டாள், நான் பேசுகிறவரைக்கும் காத்திருந்தாள்.