வயர் வருத்தக்காரருக்கு

சட்டை நுனியால் வயரின் தலையைத் துடைத்த பிறகுதான் தாஹிர் நானா வேனுக்குச் சாவி போடுவார். இரண்டு முழம் வரும் கறுத்த வயர் அது. இரு முனையிலும் ஒரே மாதிரியான பித்தளைத் தலை. ஒன்றை வேனின் பாட்டுச் செட்டின் துளைக்குள் குத்தி, லேசாக இடப்பக்கம் திருகி, கரகரப்பு நின்றதும் கையை எடுப்பார். மற்றத் தலையை இன்னொரு தரம் துடைத்து, இடப்பக்க முன் சீட்டில் இருப்பவரின் மடியில் வைப்பார். அதைப் போனிலோ பாட்டுப் பிளேயரிலோ குத்த வேண்டியவர் அந்த ஆள்தான். கை நடுங்கினாலும், துளை பிடிபடாமல் வழுக்கிக்கொண்டே போனாலும் நானா உதவ மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்திருப்பார். குத்தி முடிந்த பிறகே வேன் நகரும்.

அந்தச் சீட்டில் இருப்பவர் எப்போதும் ஒரு புற்றுநோயாளிதான். புத்தளத்துத் தில்லையடியிலிருந்து, கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓடும் வேன் அது. முன்பு கலியாணம், கந்தூரி, விமான நிலையம் என்று எல்லா ஓட்டமும் ஓடியது. மகரகமைக்கு நாலைந்து தரம் போய் வந்த பிறகு ஊர் அதற்கு வேறு வேலை கொடுக்கவில்லை. அது ஒரு வாசலில் நின்றாலே, "அந்த வீட்டுல ஆருக்கு?" என்று அடுத்த தெரு வரை கேள்வி போய்விடும். எந்தக் கலியாண வீட்டார் அதைக் கூப்பிடுவார்கள்?

ஓட்டம் பேச யாராவது போன் எடுத்தால் நானா ஒரே மூச்சில் கேட்பார்: "இருப்பாங்களா, படுப்பாங்களா? சத்தி வருமா? என்னத்தக் கேப்பாங்க?" உட்காருவாரா, வாந்தி எடுப்பாரா என்ற முதல் இரண்டுக்கும் மறுமொழி உடனே வரும். மூன்றாவதில் ஆட்கள் திகைத்துப்போவார்கள். நானும் திகைத்தேன். என் அண்ணன் நிக்கொலஸுக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்த கிழமை எங்கள் ஊர் முந்தலில் இருந்து போன் எடுத்தபோது, அவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்ட இந்த மனிதரை மனதுக்குள் நன்றாக ஏசினேன். உயிர் போகிற கதை கதைக்கும்போது இவருக்குப் பாட்டு வேண்டியிருக்கிறது.

"பைலா," என்றேன் வேண்டாவெறுப்பாக. அண்ணனுக்குப் பிடித்த ஆட்டப் பாட்டு அது.

"சரி தம்பி. குட்டியில போட்டு எடுத்திட்டு வாறன்."

குட்டி என்பது தீப்பெட்டி அளவான ஒரு எம்பித்ரீ பிளேயர். அதன் திரையில் பாதி செத்துவிட்டது. பாட்டின் பெயரில் முதல் இரண்டு மூன்று எழுத்துத்தான் தெரியும். போனில் பாட்டு வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்காக அதை வாங்கினாராம். புதுப் போன்காரர்களுக்கும் இப்போது அதுதான் கதி. "இப்பத்தப் போனுக்கு ஓட்டையே இல்ல. வெலையக் கூட்டிட்டு ஓட்டைய எடுத்திட்டானுகள்," என்பார். புத்தளத்தில் போன் திருத்தும் கடையொன்றில் முதல் நாளே வருத்தக்காரரின் விருப்பத்தை அதில் ஏற்றிக்கொள்வார். நோயாளியை எங்கள் பக்கம் வருத்தக்காரர் என்றுதான் சொல்வோம், முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது போல. ஓடும்போது குட்டியைச் சார்ஜில் போட அவர் விடுவதில்லை. போட்டால் எஞ்சினின் ஊளை பாட்டுக்குள் புகுந்து, வேகம் கூடக் கூட அதுவும் கூடும். சுகமில்லாத தலைக்கு அது ஆகாது.

வேனுக்குள் சட்டம் ஒன்றுதான்: "வயர் வருத்தக்காரருக்கு." பின்னால் இருக்கும் உறவுக்காரர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வாய் திறக்க உரிமையில்லை. தில்லையடி றஹ்மத் உம்மா வீட்டு வாசலில் மகன்மாருக்கு முன்னால் குர்ஆன் ஓதல்தான் வேண்டும் என்பாராம். சிலாபம் தாண்டி மகன்மார் தூங்கியதும், "தாஹிர், பழைய படப் பாட்டு ஏதும் கிடக்கா?" என்று மெதுவாகக் கேட்பாராம். ஒருநாள் மூத்த மகன் விழித்துக்கொண்டு சத்தம் போட்டிருக்கிறார். நானா கண்ணாடி வழியே அவரைப் பார்த்து, "வருத்தம் ஆருக்கு? ஒங்களுக்கா உம்மாக்கா?" என்று கேட்டதும் அவர் அடங்கிவிட்டார். எலுவன்குளத்து விவசாயி ஒருவரின் போனில் பாட்டே இல்லை. மகள் பாடப் புத்தகம் வாசிக்கும் சத்தம்தான் இருந்தது. கொழும்பு வரை திரும்பத் திரும்ப ஒரே பாடம். நானா அதை இன்றும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிப்பார்.

நடுங்கும் கைக்கு ஏன் உதவுவதில்லை என்று ஒருமுறை கோபமாகவே கேட்டேன். அண்ணன் அன்று வயரோடு வெகுநேரம் மல்லுக்கட்டியிருந்தார்.

"அங்க போனா எல்லாரும் அவங்களுக்குக் குத்துறாங்க," என்றார் நானா. "இந்த ஒண்டையாவது அவங்க குத்தட்டுமே."

அவரிடம் முன்பு புளூடூத் செட் ஒன்று இருந்தது. கட்டாரில் இருக்கும் மருமகன் அனுப்பியது. வயரே தேவையில்லை, போன் வேனுக்குள் வந்தாலே செட் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஹாசிம் என்று ஒரு கடைக்காரர் முன் சீட்டில் போனார். போகும்போது தன் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனவர் ஆஸ்பத்திரியிலேயே மௌத்தாகிவிட்டார். பின் சீட்டுகளைக் கழற்றி மய்யித்தைக் கிடத்தி, அவருடைய உடுப்பும் சாமானும் அடங்கிய பையோடு மனைவி சிபானாவும் ஹாசிமின் தம்பியும் ஏறினார்கள். நானா சாவியைத் திருகினார். பையில் இருந்த ஹாசிமின் போனைச் செட் தானாகப் பிடித்துக்கொண்டது. அவர் போகும்போது பாதியில் நிறுத்திய காதல் பாட்டு அதே இடத்திலிருந்து முழுச் சத்தத்தில் தொடங்கியது.

பதற்றத்தில் நானாவுக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. சிபானா பையைக் கொட்டி, சட்டை சாரத்துக்கு இடையில் துழாவிப் போனை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தம்பி அதைப் பறித்து நிறுத்தினார். "மய்யித்துக்கு முன்னால பாட்டுப் போட்டவன்" என்று ஊர் பல மாதம் கதைத்தது. நானா மறுநாளே அந்தச் செட்டைப் பிடுங்கிவிட்டுப் பழையதைப் பூட்டினார்.

"வயர் எண்டா புடுங்கலாம்," என்று எனக்குச் சொன்னார். "காத்துல வாறத எதப் புடிச்சுப் புடுங்குற?"

அன்றிலிருந்து, வருத்தக்காரர் இல்லாமல் திரும்பும் பயணத்தில் வயரைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். வேனுக்குள் ஒரு சத்தமும் இருக்காது. வெறும் வேனாகத் திரும்பும்போதும் அப்படித்தான். உங்களுக்கு என்ன பாட்டு நானா பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டேன். அண்ணன் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். "நான் கேக்குறதுக்கு எனக்கென்ன வருத்தமா?" என்று வாயை அகலத் திறந்து சிரித்தார். வெற்றிலைச் சிவப்பு தொண்டை வரை தெரிந்தது.

வெற்றிலை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. டாஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. மகரகம வாசலில் வண்டியை நிறுத்தி, வாய்ப்புற்றுக்காரரை இறக்கிவிட்டு, அங்கேயே அடுத்த வாய் போடுகிற மனிதர். இதைக் கண்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் சொல்ல வேண்டாம் என்று கண்ணால் தடுப்பார்.

அண்ணன் இறால் பண்ணையொன்றில் காவலுக்கு நின்றவர். பெரிய வாயாடி. ஆப்பரேஷனோடு குரல் போய்விட்டது. அதன் பிறகும் பைலாவைக் குத்திவிட்டு, விரலால் டாஷ்போர்டில் தாளம் போட்டுக்கொண்டு வருவார். நானா தானும் ஸ்டியரிங்கில் தட்டுவார். இரண்டு பேரும் சிலாபம் வரை அப்படியே போவார்கள். பின்னால் இருந்து பார்க்கும் எனக்கு, நாங்கள் எங்கே போகிறோம் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

நானாவின் கன்னத்தை முதலில் கண்டுபிடித்ததும் அண்ணன்தான். மாதம்பைத் தேநீர்க் கடையில் வழக்கமாக நிற்போம். ரொட்டியும் உறைக்க உறைக்கக் கட்டச் சம்பலும் தின்கிற நானா, அன்று சம்பலை ஒதுக்கிவிட்டு ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். அதுவும் ஆறிய தேநீர். பெரிதாய்ப் பிய்க்காமல், சின்னச் சின்னத் துண்டாக, பல் முழுதும் தெரியாத அளவுக்கு வாயைத் திறந்து உள்ளே தள்ளினார். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி நானாவின் வலக் கன்னத்தைத் தொட்டார். அதே விரலைத் தன் தொண்டையில் வைத்துக் காட்டினார்.

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பல்லு நிக்கலஸ், பல்லு. கடவாப் பல்லு."

பொய் என்று மூவருக்கும் தெரியும். இப்படி ஊறவைத்துத் தின்பவர்கள் எத்தனை பேரை அவர் அந்தக் கடைக்கே கூட்டி வந்திருப்பார்.

அண்ணனின் கடைசிப் பயணத்தில் பைலா இல்லை. நானா வயரை மடியில் வைத்தார். அண்ணன் அதைக் குத்தவில்லை, வெறுமனே கையில் பிடித்துக்கொண்டார். குத்தாமல் வேனை எடுக்காத மனிதர் அன்று மட்டும் எடுத்தார். மகரகம வரை அண்ணனின் கைக்குள் அந்தப் பித்தளைத் தலை இருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்மார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மாதமே அண்ணன் வீட்டில் கண்ணை மூடினார். அடக்கத்துக்கு நானா வந்து, வேதக் கோவில் மதிலுக்கு வெளியே தொப்பியோடு கடைசி வரை நின்றார்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன். துக்கம் முழுவதும் கோபமாகத் திரும்பி அவர் மேல் பாய்ந்தது. "கிழமைக்குக் கிழமை அந்த வாசல் வரைக்கும் போறீங்க. உள்ளுக்குப் போய்க் கன்னத்தக் காட்ட ஏலாதா? இப்ப போனா வெட்டி எடுக்கலாம். விட்டா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லணுமா?" கோழை என்றும் ஏசினேன்.

அவர் கோபப்படவில்லை. சுண்ணாம்பு பட்ட விரலைச் சாரத்தில் துடைத்தார்.

"ஒங்கட அண்ணனுக்குப் போற பாத தெரியாது றொபி. அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு எல்லா வளைவும் தெரியும். எங்க பல்லப் புடுங்குவான், எங்க சாப்பாட்டுக்கு மூக்கால குழாய் போடுவான், எங்க வீட்ட போகச் சொல்லுவான்... நான் எதப் போட்டுக் கேட்டுக்கொண்டு போற?" பிறகு குரலைத் தணித்து, "கைருன்னிஸாக்குச் சொல்லிராத," என்றார். அவர் மனைவி. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன்.

சில கிழமைகள் அவரிடமிருந்து போன் இல்லை. போன திங்கட்கிழமை விடியும்போது எடுத்தார். "மகரகமைக்கு ஒரு ஓட்டம். கூட வாறியா?" அவ்வளவுதான். தூக்கி இறக்க வேறு ஆள் இல்லாத வருத்தக்காரராக்கும் என்று எண்ணிக்கொண்டு முந்தல் சந்தியில் போய் நின்றேன்.

வேன் வந்து நின்றது. முன் சீட்டில் யாரும் இல்லை. நான் அதில் ஏறப்போக, "பின்னுக்கு ஏறு," என்றார். சொற்கள் பாதி வாய்க்குள்ளேயே நின்றன. பின்னாலும் யாரும் இல்லை. டாஷ்போர்டில் வெற்றிலைப் பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

"வருத்தக்காரர் எங்க நானா ஏறுறார்?"

"ஏறியாச்சு."

எஞ்சினை நிறுத்திவிட்டு வயரை எடுத்தார். ஒரு தலையைச் சட்டை நுனியால் துடைத்துச் செட்டில் குத்தினார். இடப்பக்கம் திருகினார். கரகரப்பு நின்றது. மற்றத் தலையையும் துடைத்தார். அதைப் பிடித்த கை பழக்கத்தில் பக்கத்துச் சீட்டு வரை போய், அங்கே மடி இல்லாமல் நின்றது. பிறகு சட்டைப் பையிலிருந்து குட்டியை எடுத்தார். துளை பிடிபடவில்லை. பித்தளைத் தலை வழுக்கியது, மறுபடி வழுக்கியது. என் கை தானாக முன்னுக்கு நீண்டது. நான் அதை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டேன். சந்தியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு விலகிப் போயின. இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், அவரே குத்தினார். அதன் பிறகுதான் சாவியைத் திருகினார்.