திங்கட்கிழமை ஏறிய கோடு

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். கணிதத்தில் பட்டம் வாங்கிய நாசரேத்துக்காரி. அந்தப் பிரிவில் ஒரே பெண். மண்டைக்கனம் உண்டு. எனக்கு அது தெரியவில்லை, மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதெல்லாம் புரோகிராம் என்பது கையால் தூக்குகிற பொருள். வரிக்கு ஒரு கார்டு, அதில் துளைகள். கிடங்கில் எத்தனை மூட்டை இருப்பு என்று சொல்லும் புரோகிராமை நானும் என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணனும் சேர்ந்து எழுதினோம். அவர் கடற்கரைக் கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புரோகிராம் வளர்வதைப் படமாக வரைய வேண்டும் என்பது என் யோசனை. சனிக்கிழமை மாலையும் திங்கட்கிழமை காலையும் கார்டுக் கட்டை மேசையில் தட்டி நேராக்கி, ஸ்கேல் வைத்து உயரம் அளப்பேன். அவ்வளவு கார்டையும் யார் உட்கார்ந்து எண்ணுவது? கிராப் தாளில் புள்ளி வைத்துச் சிவப்புப் பென்சிலால் இணைப்பேன். எந்த வாரம் வேலை ஓடியது, எந்த வாரம் எழுதியதை உருவி எறிந்தோம் என்பதெல்லாம் சுவரில் தெரிந்தது. சென்னையிலிருந்து வந்த மேனேஜர், விருந்தாளிகளுக்கு முதலில் அதைத்தான் காட்டுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புரோகிராம் முடிந்தது. இனி ஒரு கார்டையும் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. கோடு படுத்தே கிடக்க வேண்டும். ஐப்பசி பிறந்ததும் அது எழுந்தது. திங்கட்கிழமை ஏறும், சனிக்கிழமைக்குள் கொஞ்சம் இறங்கும், அடுத்த திங்கட்கிழமை முன்பைவிட மேலே ஏறும். தூங்குகிறவரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. அந்த அறையில் தனியாக இருக்கப் பயந்தேன்.

அதே சமயம் கிடங்கில் மூட்டைகள் காணாமல் போயின. ஞாயிற்றுக்கிழமை இயந்திரமும் ஏசியும் ஓடாது. அன்றைக்கு உள்ளே வருகிறவர் ஒருவர்தான். பூசை முடிந்ததும் அண்ணன் வந்து, மறுநாள் வேலைக்கான கார்டுகளை அடுக்கிவைத்துவிட்டுப் போவார். மேனேஜர் என் படத்தை மேசையில் விரித்தார். மூட்டைத் திருட்டை மறைக்க அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கார்டு செருகி இருப்புக் கணக்கை மாற்றுகிறார், வாரத்துக்குள் உருவி மறைக்கிறார் என்றார்.

விசாரணையில் அண்ணன் சத்தம் போடவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஏளா, ஒருதரம் எண்ணிப் பாரு. எத்தன நாளானாலும் சரி, நானும் கூட இருந்து எண்ணுதேன்."

"அளந்தது நானுல்லா அண்ணே. அதெல்லாம் தப்பு வராது," என்றேன்.

அண்ணனுக்கு வேலை போயிற்று. வேலைநீக்க உத்தரவோடு என் படத்தின் நகலும் அவர் வீட்டுக்குப் போனது. அறைப் பூட்டை மாற்றினார்கள். சாவி மேனேஜர் பையில் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமையும் கோடு ஏறியது. அதற்கடுத்த திங்கட்கிழமையும் ஏறியது. மேனேஜரிடம் சாவி வாங்கிவந்து கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் வாசலோடு நின்றுகொண்டார்.

"ஆள அனுப்பியாச்சு. அவரு இன்னும் போவல போல இருக்கு, தாயி."

கட்டை மறுபடியும் தட்டி அளந்தேன், உயரம் மாறவில்லை.

ஒரு சனிக்கிழமை, துளையே போடாத வெற்றுக் கார்டுகளை எண்ணிக் கட்டி, அளந்து, புரோகிராமுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதில் எவரும் மாற்றவோ மறைக்கவோ எதுவும் இல்லை. திங்கட்கிழமை அதுவும் வளர்ந்திருந்தது. நின்றவாக்கிலேயே எண்ணினேன். ஒன்றுகூடக் கூடவில்லை. ஒரு கார்டை எடுத்து வளைத்தேன். மழைக்கால அப்பளம் போலத் துவண்டது. ஏசி நின்றதும் கடல்காற்றின் ஈரம் ஏறி ஒவ்வொரு கார்டும் ஊதுகிறது. வாரத்தில் ஏசி ஓடும்போது கொஞ்சம் காய்கிறது. மழை வலுக்க வலுக்கக் கோடும் மேலே போகிறது. காற்றின் ஈரத்தை வரைந்துதான் ஒரு மனிதனை வெளியே அனுப்பியிருந்தேன்.

அன்றே புரோகிராமையும் எண்ணினேன். கார்டைத் தொடக் கூடாது என்ற உத்தரவு வந்த நாளில் அச்சிட்ட பட்டியலில் எத்தனை வரியோ அத்தனை கார்டு. எண்ண ஒரு பகல்கூட ஆகவில்லை.

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் வந்தார்.

"அவுக இல்ல. கொழும்புக்குச் சரக்கு கொண்டு போற தோணியில வேலைக்குப் போயிருக்காவ. பத்து நாளாச்சு, ஒரு தகவலும் இல்ல."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஈரம் ஏறினால் கார்டு ஊதும் என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்போ அவுக ஒண்ணுமே செய்யலையா?"

"செய்யலக்கா. தப்பு என் மேலதான்."

அந்த அக்கா உள்ளே போய், மடித்து மடித்துக் கிழியும் பதத்தில் இருந்த என் படத்தைக் கொண்டுவந்தார்.

"தெனமும் இத முன்னால விரிச்சு வச்சு, நெசத்தச் சொல்லுங்கன்னு கேட்டேன். சேசு மேல சத்தியம் பண்ணாவ. பின்ன ஏன் கோடு இப்படிப் போவுதுன்னு கேட்டேன். பதில் இல்ல. அதுக்குப் பொறவுதான் தோணி ஏறுனாவ."

படத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

"அவுக வந்ததும் நீங்களே வந்து சொல்லுதியளா? இனி நான் சொன்னா நம்பமாட்டாவ."

சொல்கிறேன் என்றேன். மாசி வரை ஞாயிறுதோறும் போனேன். தோணி வரவில்லை. பிறகு, இனிமேல் வர வேண்டாம் என்று அந்த அக்காவே சொல்லிவிட்டார்.