அவர் கையெழுத்துப் போடாத வெள்ளிக்கிழமை

இரண்டாயிரங்களின் நடுவில், கிழக்கு லண்டனில் ஒரு கட்சிக் கிளைக்கு நான் செயலாளராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். மண்டபம் பிடிப்பது, கதிரை அடுக்குவது, வருகிறவர்களிடம் வரவுத்தாளில் கையெழுத்து வாங்குவது, அவ்வளவுதான். பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு இதற்கும் ஓடுவேன். அந்த அலுப்பு இன்றைக்கும் முழங்காலில் இருக்கிறது.

எங்கள் கவுன்சிலர் ஒரு யூதப் பெண்மணி, அறுபதை நெருங்கிய வயது. ஏழைகளுக்குக் குறைந்த வாடகையில் விடும் கவுன்சில் வீடுகளை விற்கக் கட்சித் தலைமை முடிவெடுத்தபோது அவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். அந்த வீடுகளில் பாதியில் எங்கள் ஈழத்துச் சனம். நானும் அப்படியொரு வீட்டில்தான் இருந்தேன். சுவரெல்லாம் பூஞ்சணம், மகளுக்கு இழுப்பு. வேறு வீடு கேட்டு அவரிடம் மனுக் கொடுத்திருந்தேன். அந்த வாக்குக்குப் பிறகு கட்சிக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. அடுத்த தேர்தலில் அவரை நிறுத்துவதா, கழற்றிவிடுவதா என்று கிளைக் கூட்டம் வாக்களிக்க வேண்டியிருந்தது.

கிளைத் தலைவர் தொலைபேசியில் கேட்டார்: வெள்ளி மாலை ஏழு மணி, சரிதானே? நான் உடனே சரி என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எது கேட்டாலும் தலையாட்டி ஊறிப்போன அகதிப் புத்தி. வெள்ளி பொழுது பட்டால் கவுன்சிலருக்கு யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். பேனா தொடமாட்டார், வாகனம் ஏறமாட்டார், கையில் எதையும் சுமக்கமாட்டார். ஐந்து வருடம் அவருடன் அலைந்த எனக்கு இது தெரியாததல்ல. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்ப எடுத்து கூட்ட நாளை மாற்றச் சொல்ல வாய் வரவில்லை.

அவருக்கு வாக்களிக்க, கட்சியில் இருந்த எங்கள் ஆட்களையாவது கூட்டிப்போகலாம் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை எல்லே தம்பி, கோயிலுக்குப் போறம். ஏலாது," என்றார் ஒரு அண்ணை. "அவ நல்ல மனிசி, எப்பிடியும் வெல்லுவா."

எல்லோரும் இதையேதான் சொன்னார்கள்.

அன்று குளிர்கால மழை, நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கவுன்சிலர் நடந்தே வந்தார். கையில் குடையும் இல்லை, பையும் இல்லை. வாசலில் நான் வரவுத்தாளுடன் இருந்தேன்.

"இன்று நான் எழுத முடியாது, உங்களுக்குத் தெரியும்," என்றார்.

தாளில் பெயர் இல்லாதவர் பேசக்கூடாது என்பது விதி. தனக்காக எழுதச் சொல்லிக் கேட்கவும் அவருடைய மதம் விடாது. கேட்காமலே நான் எழுதியிருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் இன்னொருவர் பெயரைப் படிவத்தில் எழுதுவதென்றால், விசாவுக்கு அலைந்த காலத்திலிருந்தே எனக்கு நடுக்கம். தலைவர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

"விதி அப்படி, மேடம்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கடைசி வரிசையில் போய் அமர்ந்தார். கைகள் உயர்ந்தன, தோற்றார். மழையில் வந்த வழியே திரும்பி நடந்தார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லக்கூட வழியில்லை.

திங்கட்கிழமை தபாலில் ஒரு கடிதத்தின் பிரதி வந்தது. என் மகளின் இழுப்பைச் சொல்லி, உடனே வேறு வீடு தரவேண்டும் என்று கவுன்சிலின் வீட்டுப் பிரிவுக்கு அவர் எழுதியது. தேதி அந்த வெள்ளிக்கிழமை. ஓரத்தில் எனக்கு ஒரு வரி: "பொழுது படுமுன் முடித்துவிட்டேன்." கீழே அவருடைய கையெழுத்து.

வீடு கிடைத்தது. அந்த வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.