திருவிழா நோட்டீஸில் போட்ட நம்பர்

என் வீட்டு தொலைபேசி எண்ணை ஊருக்கெல்லாம் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது கைப்பேசியில் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கிறவர்களைப் பற்றி என் பிள்ளைகள் புலம்பும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்கால் பக்கம் தலத்தெரு என்ற ஊரில் எங்கள் வரிசையில் தொலைபேசி இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். நான் பணக்காரன் இல்லை. பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். விழிதியூர் பக்கத்து விவசாயிகள் எரிந்துபோன மோட்டாரை வண்டியில் போட்டு என் கடைக்குக் கொண்டுவருவார்கள். கடையில் போன் கிடையாது. வீட்டுக்கு போன் வந்ததற்குக் காரணம் என் மனைவியின் நெஞ்சு.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். கட்டில் காலியானால்தான் சேர்ப்பார்கள். காலியானால் மறுநாளே போய்ப் படுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அவளுடைய தங்கை அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். “அக்கா, கடுதாசி போட்டா வந்து சேர்றதுக்குள்ள கட்டிலு போயிரும். போன் ஒண்ணு வாங்கி வைங்க, நான் ட்ரங்க் கால் போட்டுச் சொல்றேன்” என்றாள். டாக்டர் கொடுத்த சீட்டை வைத்து அலைந்து, கெஞ்சி, சண்டை போட்டு அந்த போனை வாங்கினேன். ஒரே ஒரு அழைப்புக்காக வாங்கிய போன் அது.

வாங்கிய இரண்டாம் மாதம் எங்கள் மாதா கோயில் திருவிழா வந்தது. பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். உபயதாரர் பெயரை நோட்டீஸில் போடுவார்கள். அந்த வருஷம் எட்டாம் நாளை நான் எடுத்துக்கொண்டேன். மனைவிக்காக நேர்ந்துகொண்டதாக எல்லோரிடமும் சொன்னேன். பாதி உண்மை. அச்சாபீஸ்காரர் கேட்டார்:

“அண்ணே, வீட்டுக்கு போன் வந்துருச்சாமே? பேருக்குப் பக்கத்துல போட்டுருவமா?”

“போடுங்க. நல்லா தடிச்ச எழுத்துல போடுங்க.”

அந்த நோட்டீஸில் என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும்தான் தொலைபேசி எண் இருந்தது. பக்கத்துப் பங்குக் கோயில்களுக்கும் நாகப்பட்டினத்துக்கும் கும்பகோணத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் அந்த நோட்டீஸ் போனது. கடைகளிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டினார்கள். நான் போய் நின்று பார்த்தேன், வெட்கமில்லாமல்.

திருவிழா முடிந்து கொடி இறக்கிய வாரத்திலேயே போன் மணி அடிக்க ஆரம்பித்தது. உபயம் எடுக்கிறவன் கையில் காசு புழங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மைக்செட்காரன், சீரியல் பல்பு கட்டுகிறவன், அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை கேட்கும் பொருளாளர், கடலோரத்தில் மனை விற்கிறவன். கும்பகோணத்தில் ஏதோ ஒரு டெபாசிட் கம்பெனி. அதிலிருந்து ஒரு பெண் வாரம் இரண்டு முறை ட்ரங்க் கால் போடுவாள்.

“வணக்கம் சார், எட்டாம் நாள் உபயதாரர்தான பேசுறீங்க?”

“ஆமா, செத்துட்டான், வை” என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த வாரமும் கூப்பிட்டாள்.

எனக்குக் கோபம் மட்டும்தான். என் மனைவிக்கோ மணிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. மணி அடித்தால் தங்கையாக இருக்கும் என்று படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள். மூச்சு வாங்கும். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கண் என் மேலேயே இருக்கும். “அது இல்ல” என்பேன். மறுபடி சாய்ந்துகொள்வாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. ரிசீவரை எடுத்துக் கீழே வைக்கவும் முடியாது, வைத்தால் தங்கையின் அழைப்பும் வராது.

அந்தக் காலத்தில் காரைக்காலில் யாரைக் கூப்பிட்டாலும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். நேரே அங்கே போனேன். பகலில் வேலை பார்த்த ஆபரேட்டர் அம்மாவுக்கு என்னைவிட வயது கொஞ்சம் அதிகம். கண்டவனுக்கெல்லாம் லைன் கொடுக்காதே என்று கத்தினேன்.

“கத்தாதீங்க சார். இவன் வேணும், அவன் வேணாம்னு பிரிச்சுப் பாக்க நான் யாரு?”

“என் பொண்டாட்டி உசிரு போவுதுங்க இங்க.”

“அதத்தான் சார் நானும் கேக்குறேன். உசிருக்காக வாங்குன போன் நம்பர எதுக்குக் கோயில் நோட்டீஸ்ல போட்டீங்க? எங்க வீட்டு அரிசி டின்னு மேல அந்த நோட்டீஸ்தான் கெடக்கு, உங்க நம்பரோட.”

பக்கத்தில் இருந்த இன்னொரு ஆபரேட்டர் சிரித்துவிட்டாள். அந்த அம்மா குரலை இறக்கினார்.

“உள்ளூர் கால நான் பாத்துக்குறேன். என்ன விஷயம்னு கேப்பேன். விக்கிறவன்னு தெரிஞ்சா லைன் பிசின்னு சொல்லிருவேன். வெளிய சொல்லிராதீங்க, என் வேலை போயிரும். வெளியூர்லேருந்து வர்ற ட்ரங்க் கால்ல மட்டும் கை வைக்க முடியாது. அது வந்தா மணிய நீட்டி அடிக்கிறேன். எடுத்துட்டு, யாருன்னு பொறுமையாக் கேளுங்க. பொறுமையா சார்.”

சொன்னபடி செய்தார். மைக்செட்டும் மனையும் நின்றன. நீட்டி அடிக்கும் மணி மட்டும் வந்தது. அதில் முக்கால்வாசி கும்பகோணம்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்திருந்தேன். காலையில் கட்டிய காயில் சரியில்லை என்று ஒருவன் மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்து பேசிவிட்டுப் போயிருந்தான். அந்த எரிச்சலோடு சோற்றில் கை வைத்தேன். மணி நீளமாக அடித்தது. எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்.

“ஹலோ, யாருங்க பேசுறது?”

கும்பகோணம்தான் என்று முடிவு செய்துகொண்டேன். “உனக்கு வேற பொழப்பே இல்லியாடி? இன்னொரு தடவ கூப்புட்ட, நேர்ல வந்து ஒதைப்பேன்” என்று கத்தி, ரிசீவரை அறைந்து வைத்தேன். உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள், “யாருங்க?”

“அது இல்ல.”

நான்காம் நாள் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. கட்டில் காலியானது என்றும், ட்ரங்க் கால் போட்டதும் யாரோ ஒரு ஆள் கத்திவிட்டு வைத்துவிட்டான் என்றும், ராங் நம்பர் போலிருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். மறுபடி புக் செய்து சாயங்காலம் வரை லைன் கிடைக்கவில்லையாம். வருகிறோம் என்று பதில் போகாததால் கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கடிதத்தை ஒளித்துவிடலாமா என்று நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

“போனத் தூக்கி எங்கிட்ட வைங்க. இனிமே நீங்க எடுக்க வேணாம்.”

எடுத்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். அடுத்த வாரம் கும்பகோணத்துப் பெண் கூப்பிட்டாள். என் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

“தங்கச்சி, நான் நெஞ்சு நோவோட கெடக்குறேன். ஆஸ்பத்திரியிலேருந்து கூப்புடுவாங்கன்னு காத்துகிட்டு இருக்கேன். நீ நல்லாருப்ப, இங்க கூப்புடாதம்மா.”

அவ்வளவுதான். அந்தப் பெண் பிறகு கூப்பிடவே இல்லை. நான் இத்தனை மாதம் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது.

அடுத்த கட்டில் காலியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. கிணற்றடி வரைகூட நடக்க முடியவில்லை. அழைப்பு வந்தபோது நான் கடையில் இருந்தேன். அவளே எடுத்து, கேட்டு, “வர்றோம்” என்று சொல்லியிருக்கிறாள். ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

மெட்ராஸில் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே?” நான் தலையை ஆட்டினேன். அறுவை நடந்த அன்று வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான் காதில் இருந்தது.

பிழைத்தாள். நான்கு நாள் கழித்து வார்டுக்கு மாற்றினார்கள். தங்கை வந்து கட்டிலில் உட்கார்ந்து, அக்காவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

“அன்னைக்கு யாருக்கா அப்படிக் கத்துனது? காது கிழிஞ்சிருச்சு. அத்தான் குரலு மாதிரியே இருந்துச்சு.”

நான் ஃபிளாஸ்க்கிலிருந்து கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள், என்னைப் பார்க்கவே இல்லை.

“இவரு அன்னைக்குக் கடையிலதான் இருந்தாரு. எங்க ஊரு எக்ஸ்சேஞ்சுல இருக்குற அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுடி. லைன மாத்தி மாத்திக் குடுத்துரும்.”

“நல்ல ஆளப் போட்டுருக்காங்க, போ” என்று தங்கை சிரித்தாள்.

நான் கஞ்சியை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள்.