ரொம்ப வெவரமான பொண்ணு

இன்னைக்குக் காலையில எங்க கூடலூர் வீட்டுக்கு, தங்கச்சியப் பொண்ணு பாக்கப் பெரியகுளத்துல இருந்து வந்திருந்தாக.

காபி குடிச்சதும் மாப்பிள்ளையோட மாமா, "பொண்ணு ஏதும் கேக்கணும்னாலும் கேக்கலாம்"னு பெருந்தன்மையாச் சொன்னாரு.

தங்கச்சி மாப்பிள்ளையப் பாத்து நேராவே கேட்டுட்டா. "கல்யாணத்துக்கப்பறமும் காலேஜ்ல பாடம் நடத்துவேன், பிஎச்டியும் முடிப்பேன். உங்களுக்குச் சம்மதமா?"

அவரு வாயத் தொறக்குறதுக்குள்ள மாமா சிரிச்சாரு. "பொண்ணு ரொம்ப வெவரமால்ல இருக்கு!"

எங்க பக்கம் இந்த வார்த்தையப் பையனுக்குச் சொன்னா பாராட்டு. பொண்ணுக்குச் சொன்னா, அடங்காத பொண்ணுன்னு அர்த்தம். அம்மா மொகம் வாடிப்போச்சு.

அப்பா திராட்சைத் தோட்டத்தப் பத்தின்னா மணிக்கணக்காப் பேசுவாரு. சம்பந்தம் பேச வந்தவக முன்னாடி மட்டும் வாயே தொறக்க மாட்டாரு. இன்னைக்கு நிமிந்து உக்காந்து சொன்னாரு:

"ஆமாங்க. வெவரமா இருக்கணும்னுதான் மதுரையில விட்டுப் படிக்கவச்சோம். படிப்பு வீணாப் போகல."

எனக்கு விசிலடிக்கணும்போல இருந்துச்சு. மாமா காலி டம்ளர எடுத்து இன்னொரு தடவ குடிச்சாரு.

அப்பறந்தான் மாப்பிள்ளை பேசினாரு. "எனக்குச் சம்மதம்ங்க. நீங்க படிங்க."

சாயங்காலமே மாமாகிட்ட இருந்து போன். "எங்க எல்லாருக்கும் புடிச்சிருக்கு. தேதி குறிச்சிரலாமா?"

அப்பா அவசரமே படல. "எம்பொண்ணு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

உங்க வீட்டுப் பொண்ணுகள யாரு, எப்ப 'வெவரம்'னு சொன்னாக? கமெண்ட்ல எழுதுங்க, அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டணும்.