மலையாற்றில் ஒரு படகுக் கயிறு

மூத்த மகள் ஓ.எல். சோதனை எழுதி முடித்த பின் வந்த சித்திரை விடுமுறை அது. திருகோணமலை பாலையூற்றிலிருந்து நான், கணவர், இரண்டு மகள்மார் என நால்வரும் முதுகில் பைகளைச் சுமந்துகொண்டு நக்கிள்ஸ் மலைக்காட்டில் நடக்கப் போனோம். "உங்களுக்கென்ன விசரா?" என்று அயலில் கேட்காதவர்கள் இல்லை.

ஆசைப்பட்டது மகள்மார்தான். கணவர் கடற்றொழில் செய்பவர். பின்னேரம் போனால் விடியத்தான் வருவார். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் அவர் நித்திரை. தகப்பனோடு ஆற அமர இருந்து கதைக்கவேண்டும் என்பதுதான் அவர்களுடைய உண்மையான ஆசை.

அந்த நடையின் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! போனுக்கு சிக்னல் இல்லை. அட்டை கடித்தால் கத்தினோம், பிறகு கத்தியதற்காகச் சிரித்தோம். ஒரு கோப்பைப் பிளேன்டீயை நாலு பேரும் மாறி மாறிக் குடித்தோம். கடலில் நடந்ததையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, ஒற்றையடிப் பாதையிலும் மகள்மார் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். அவருக்கு இவ்வளவு கதைக்கத் தெரியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டைக் கண்டோம். மணலைக் கண்டதும் கணவருக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். சருகுகள் வரிசையாக ஒதுங்கிக் கிடந்த இடத்தைக் காட்டி, "தண்ணி இதுமட்டுந்தான் வரும். பயப்பிடாதேங்கோ" என்றார். கடற்கரையில் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். கணுக்காலளவு தண்ணீரைக் கடந்து போய், திட்டில் அந்த வரிசைக்கு மேலே கூடாரத்தை அடித்துவிட்டு, கொண்டுவந்த படகுக் கயிற்றால் அதைக் கரை மேட்டிலிருந்த மரத்தோடு சேர்த்துக் கட்டினார்.

"அப்பா, கூடாரம் ஓடிப்போகாது" என்று இளையவள் சிரித்தாள்.

"கட்டாம விட்டா எனக்கு நித்திரை வராது பிள்ளை."

நான் தண்ணீரோரம் ஒரு தட்டைக் கல்லில் குந்தியிருந்து அரிசி கழுவினேன். எங்களுக்கு நல்ல வெயில். தூரத்து மலைகளில் மட்டும் மழை இருட்டிக் கிடந்தது. அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் அந்தக் கல்லைக் காணவில்லை.

"இஞ்சருங்கோ, தண்ணி ஏறுது."

"ஏறும், பிறகு வத்தும்" என்றார், விறகை முறித்தபடியே.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடலையே பார்த்து வளர்ந்த புத்தி வேறு எப்படி வேலை செய்யும்? சற்று நேரத்தில் தண்ணீர் சேறாகி, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தவரின் முகம் வெளிறிப்போனது.

"எல்லாத்தையும் விடுங்கோ! கயித்தைப் பிடியுங்கோ!"

கூடாரத்துப் பக்க நுனியை அவிழ்த்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் நின்றார். கயிற்றைப் பிடித்தபடி நாங்கள் கரைக்கு நடந்தோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. நடுவில் இளையவளுக்குக் கால் வழுக்கியது. நான் அவள் சட்டையைப் பிடித்தேனா, அவள் என்னைப் பிடித்தாளா, இன்றுவரை தெரியாது. நாங்கள் மேட்டில் ஏறியபோது அவருக்கு இடுப்பளவு தண்ணீர். மூன்று பேரும் அழுதுகொண்டே அவரை இழுத்தோம். அவர் கரையேறிய கையோடு கூடாரமும் சோற்றுப் பானையும் போயின.

"ஆத்தைக் கடல் எண்டு நினைச்சிட்டன்" என்று அவர் விம்மினார். அவர் அழுது மகள்மார் பார்த்தது அன்றுதான். மூத்தவள் அவருடைய தலையைத் துவட்டிவிட்டு, "மரத்தில போட்ட உங்கட முடிச்சு அவிழேல்லையே அப்பா" என்றாள்.

பொழுது படுமுன் மலையடிவார ஊருக்கு இறங்கிவிட்டோம். தமிழ் தெரியாத ஒரு வீட்டில் மாற்றுடுப்பும் சுடச்சுடச் சோறும் தந்தார்கள்.

மூத்தவள் இப்போது கனடாவில். இளையவள் கலியாணம் முடித்துப் புல்மோட்டையில் இருக்கிறாள். அந்தக் கயிறு எங்கள் முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடியாகக் கிடக்கிறது. இப்போது அதில் எங்கள் இருவருடைய உடுப்புகள் மட்டுமே காய்கின்றன என்றாலும், அதைத் தொடும்போதெல்லாம் நால்வரும் ஒன்றாகப் பிடித்து நின்ற அந்த நேரம் ஞாபகம் வந்து, யாரையும் நாங்கள் கைவிடவில்லை என்று மனம் ஆறுகிறது.